முச்சந்தியில் வைத்த பால்மா டின்

எங்கள் லயத்துப் பெண்கள் ஒன்று சொல்லுவார்கள்: "மழைக்குப் பயந்தவ மலைக்குப் போக முடியாது." லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள், மலை என்றால் கொழுந்து பறிக்கும் இடம். நமுனுகுல சிகரத்துக்குக் கீழே, மேகம் வாசற்படி வரைக்கும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் தோட்டம் எங்களுடையது. அங்கே மழைக்குப் பயந்தால் அடுப்பு எரியாது. அட்டைக்கும் குளவிக்கும் வழுக்குப் பாறைக்கும் பயந்தால் ஒரு கூடையும் நிறையாது. அதனால் நாங்கள் எதற்கும் பயப்படாமலே செத்துப்போனோம். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்ல ஆரம்பிப்பேன். சொல்லி முடிக்கும்போது அந்தச் சிரிப்பு கூடவே வருவதில்லை.

நான் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தேன். விடியக்காலை பெரட்டில் பேர் கொடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். தூளி கட்டி ஆட்டுவது, பால்மா கரைத்துக் கொடுப்பது, மூக்குத் துடைப்பது, பத்துப் பிள்ளை அழும்போது எந்தப் பிள்ளை பசிக்கு அழுகிறது, எது வலிக்கு அழுகிறது என்று பிரித்துக் கேட்பது, இதுதான் என் வேலை. பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை. பதுளைக் கடைகளில் கருவாடு சுற்றிக் கொடுத்த பேப்பரை விரித்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். அந்த நாளில் நான் படித்த உலகமெல்லாம் கருவாடு மணக்கும்.

எண்பத்து மூன்று ஆடி மாதக் கலவரம் முடிந்த பிறகு அந்தப் பேப்பர்களில் குண்டு என்ற சொல் அடிக்கடி வந்தது. பதுளை பஸ் ஸ்டாண்டில் பலகை அடித்து வைத்தார்கள், ஆளில்லாத பார்சலைத் தொடாதே என்று. பஸ்ஸில் ஏறுமுன் கூடையைக் கொட்டிக் காட்ட வேண்டும். வெற்றிலைப் பையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். முன்பெல்லாம் தள்ளி உட்காரச் சொல்லிச் சண்டை போட்ட சிங்களப் பெண்கள் இப்போது சண்டையும் போடாமல் எழுந்து போனார்கள். எங்களைப் பார்த்துச் சின்னப் பையன்கள் "கொட்டியா" என்று கத்திவிட்டு ஓடினார்கள். புலி என்று அர்த்தம். புலி எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது சிறுத்தை, அதுவும் நாயைத் தூக்கிக்கொண்டு போகிற சிறுத்தை.

அவர்களுக்கு எங்களைப் பார்த்தால் பயம். எங்களுக்கு அவர்களுடைய பயத்தைப் பார்த்தால் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். ஆனால் அந்தப் பேயும் திருப்பி அரண்டுபோய் நின்றதை யாரும் பழமொழியாகச் சொல்லி வைக்கவில்லை.

இதற்கு நடுவில் லயத்துக்குள்ளேயும் எங்களுக்கு ஒரு சண்டை இருந்தது. நான் வேதக்காரி, கிறிஸ்தவள். எங்கள் லயத்தில் பாதிப் பேர் மாரியம்மன் கோயில், மீதிப் பேர் ஜெபக்கூடம். குடிக்கிற தண்ணீர் எல்லாருக்கும் ஒரே பீலியிலிருந்துதான் வந்தது. பாறை இடுக்கில் மூங்கில் சொருகி, கீழே கல் பாவிய இடம். திருவிழாவுக்குப் பீலியடியில் கரகம் சோடித்துப் பாலிக்கும் நாளில் வேதக்காரர் குடம் பீலியில் படக்கூடாது என்றார்கள். ஆண்டவன் கொடுத்த தண்ணிக்கு யார் காவல் என்று எங்கள் ஆள்கள் கேட்டார்கள். குடங்கள் உடைந்தன. ஒருவன் மண்டையும் உடைந்தது. பீலி யாருடையது என்று அத்தனை பேரும் அடித்துக்கொண்டோம். பீலிக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. மேலே இருந்தது மேல் லயத்துக் கக்கூஸ்.

ஒவ்வொரு அடைமழைக்கும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். கண் உள்ளே போகும், உதடு காயும், அழுதால் கண்ணீர் வராது. காலையில் என் மடியில் கிடந்த பிள்ளை சாயங்காலம் துணியில் சுற்றிக் கிடக்கும். அதற்கு யாரும் பலகை அடித்து வைக்கவில்லை. "வந்துச்சு, போயிருச்சு" என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த காம்பராவில் கோயில்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தப் பெண் என்னைவிட இளையவள், கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி. எதற்கும் சட்டென்று பதில் வைத்திருப்பாள். இரண்டு பிள்ளை பிறந்து தங்கவில்லை, மூன்றாவதாக ஒரு மகன் தங்கியிருந்தான். நடக்கத் தொடங்கிய வயது. குடமுடைந்த சண்டைக்குப் பிறகு இரண்டு பக்கமும் பேச்சு நின்றபோதும் அவள் மட்டும் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, "சண்டை குடத்துக்குத்தான், இடுப்புக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போவாள்.

அந்த ஐப்பசி மழையில் அவனுக்கும் வந்தது.

தோட்டத்து மருந்துக்கார ஐயா உப்பும் சீனியும் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம். வாயில் போனது வயிற்றில் நிற்கவில்லை. அவள் புருஷன் வெலிமடைப் பக்கம் கிழங்கு தோண்டப் போயிருந்தான். பூசாரி கழிப்புச் சொன்னார். கழிப்பு என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. மூன்று நிறத்தில் சோற்று உருண்டை, எலுமிச்சை, மிளகாய், நோயாளி உடுத்திய ஒரு துணி. எல்லாவற்றையும் தலையைச் சுற்றி எடுத்து, பொழுது சாயும் நேரம் முச்சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். பிள்ளையைப் பிடித்தது அதோடு அங்கேயே இறங்கிக்கொள்ளும். வைத்ததை மறுபடி தொடக்கூடாது. தொட்டால் தொட்ட கையைப் பிடித்துக்கொண்டு அது வீடு வந்து சேரும்.

மண்சட்டியில் வைப்பதுதான் வழக்கம். ஆனால் அந்த முச்சந்தியில் நாய்கள் அதிகம். நாய் இழுத்துச் சிதறினால் கழிப்பு பலிக்காது என்று பூசாரி சொல்லியிருக்கிறார். அவள் பிள்ளைக்காம்பராவிலிருந்து நான் கொடுத்திருந்த காலிப் பால்மா டின்னில் எல்லாவற்றையும் போட்டு, மூடியை அழுத்தி, சிவப்புத் துணியில் சுற்றி, நாய் அவிழ்க்க முடியாதபடி கம்பியால் இறுக்கிக் கட்டினாள். கொண்டுபோய் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

மறுநாள் விடிந்தபோது பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. மருந்துக்கார ஐயா தொட்டுப் பார்த்துவிட்டு, "இனி இங்க வச்சிருக்கக் கூடாது, பதுளைக்குக் கொண்டு போங்க" என்றார். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிற லொறி புறப்பட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் நல்ல மனுஷன், முன்னால் எங்களை ஏற்றிக்கொண்டார். பிள்ளை என் மடியில். அவள் பக்கத்தில், அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு.

தோட்டத்துச் சாலை பதுளை ரோட்டில் சேருகிற இடம்தான் அந்த முச்சந்தி. ஒரு மூலையில் அரச மரமும் அதன் அடியில் சின்ன புத்தர் சிலையும். எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை. அன்றைக்கு ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. பொலிஸ்காரர்கள் துப்பாக்கியோடு தள்ளி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கிராமத்துச் சிங்களவர்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்கள் எங்கள் லொறியைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

டிரைவர் இறங்கிப்போய் நானாவிடம் விசாரித்துவிட்டு வந்தார்.

"பாம் வச்சிருக்காம். புத்தர் செலைக்குப் பக்கத்துல. நானா கடை தொறக்க வந்தப்ப பாத்திருக்காரு. சொல்லாம விட்டா தன் தலையில விழும்னு ஓடிப்போயி சொல்லிட்டாரு."

"எப்ப விடுவாங்க?"

"தியத்தலாவையில இருந்து ஆமி வந்து பாக்கணுமாம்."

"நடந்து போயிரலாமா?"

"நடந்து எங்கம்மா போவீங்க. கீழ வளைவுக்கு அங்கிட்டே பஸ்ஸ எல்லாம் நிப்பாட்டி வச்சிருக்காங்களாம்."

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அரச மரத்து வேரில் சிவப்புத் துணி. கம்பி. எனக்குத் தெரிந்துவிட்டது. அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அது என்னோடது."

டிரைவருக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "வாயத் தொறந்துராத. அரச மரத்துக்குக் கீழ தமிழாளு பார்சல் வச்சான்னு தெரிஞ்சா இந்தக் கூட்டம் என்ன செய்யும்னு தெரியாது. பொலிசு புடிச்சிட்டுப் போயிரும்."

"புடிச்சிட்டுப் போனா போகட்டும்ணே. நான் அதுக்கு யோசிக்கல. தொட்டா திரும்பி வந்துருமே."

அதுதான் அவள் கணக்கு. துப்பாக்கி அவள் கண்ணில் படவே இல்லை. பிள்ளையை விட்டுப் போகச் சொல்லித் தன் கையால் கொண்டுவந்து வைத்ததை, இப்போது பிள்ளைக்காகவே தன் கையால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வழி திறக்காது. எடுத்தால் அது கூடவே வரும். என் மடியில் பிள்ளையின் மூச்சு கோழிக்குஞ்சின் மூச்சுப் போல இருந்தது.

"நான் போறேன்" என்றேன். "நான் வேதக்காரி. எனக்கு ஒட்டாது."

அவள் தலையை ஆட்டினாள். "வச்ச கைதான் எடுக்கணும்க்கா. வேற கை எடுத்தா அது யாரோட போவும்னு சொல்ல முடியாது. ஒங்க கையில எத்தன வீட்டுப் புள்ளைங்க இருக்கு."

இறங்கினாள். கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். ஒரு பொலிஸ்காரர் சிங்களத்தில் கத்தினார், இன்னொருவர் துப்பாக்கியை உயர்த்தினார். அவளுக்குச் சிங்களம் அதிகம் தெரியாது. "மகே, மகே" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். என்னுடையது, என்னுடையது என்று. டின்னை என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு என்னவோ அவள் பிள்ளையைச் சொன்னதாகவே காதில் விழுந்தது.

வேரடியில் உட்கார்ந்தாள். கூட்டம் பின்னால் ஓடியது, நானா கடைக்குள் ஓடினார். கம்பியை முறுக்கி அவிழ்த்தாள். துணியை விரித்தாள். மூடியைத் திறந்து எல்லாரும் பார்க்கும்படி ரோட்டில் கவிழ்த்தாள். சோற்று உருண்டை, எலுமிச்சை, மிளகாய், ஒரு சின்னச் சட்டை.

கூட்டத்திலிருந்து பல்லில்லாத சிங்களக் கிழவி ஒருத்தி முன்னால் வந்து குனிந்து பார்த்து, ஏதோ சொல்லிச் சிரித்தாள். டிரைவர் என்னிடம் சொன்னார்: "நாங்களும்தான் வைப்போம், இதப் போயி பாம்னு சொல்றீங்களேன்னு கேக்குது." இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். புத்தர் காலடியில் இந்த அசிங்கத்தை வைப்பதா என்று ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தான். டிரைவர் ஓடிப்போய் பிள்ளையைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, பொலிஸ்காரரிடம் பேசினார். அவர் அவளைப் பைத்தியம் என்று திட்டினார். பிறகு லொறிக்குள் எட்டிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கயிற்றை அவரே அவிழ்த்தார்.

நானா கேத்தலில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றினார். "புள்ளட ஆபத்து தெரியாமப் போச்சே மகள்" என்றார். அவள் கழுவினாள். கேத்தல் தீர்ந்தது. இன்னொன்று கொண்டுவந்தார். அதுவும் தீர்ந்தது.

பதுளை வரும் வரைக்கும் அவள் வலது கையை லொறிக்கு வெளியே நீட்டியே வைத்திருந்தாள். மழை அதன்மேல் அடித்துக்கொண்டே வந்தது.

பிள்ளை பிழைத்தான். சேலைன் ஏற்றினார்கள், அன்று மாலையே கண்ணைத் திறந்து என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தான். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். பீலித் தண்ணீர் என்றோம். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார். நனைந்த விறகில் ஒரு தேத்தண்ணி கொதிப்பதற்குள் பெரட்டு முடிந்துவிடும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது. சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தோம்.

தோட்டம் முழுக்க அந்தக் கதைதான். தொரை பங்களா வரைக்கும் போனது. அடுத்த வாரம் மரத்தடிக்குக் கம்பி வேலி வந்தது. பீலிக்கு மேலே கக்கூஸ் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த வலது கையால் பிள்ளையைத் தொடவில்லை. இடது கையால் தூக்குவாள், இடது கையால் தட்டித் தூங்க வைப்பாள். ஆனால் சோற்றை இடது கையால் ஊட்ட முடியுமா. மலையிலிருந்து வந்ததும் தட்டோடு என் வாசலில் நிற்பாள்.

"நீங்க ஊட்டுங்கக்கா. ஒங்க சாமிக்குக் கழிப்பெல்லாம் ஒட்டாதுல்ல."

பருப்புத் தண்ணி ஊற்றிக் குழையப் பிசைந்து, உதட்டில் வைத்துச் சூடு பார்த்து நான் ஊட்டுவேன். அவள் எதிரே உட்கார்ந்து, கையை மடியில் மறைத்துக்கொண்டு, அவன் வாய் திறக்கும்போதெல்லாம் தன் வாயையும் திறப்பாள். கோயில்காரர்கள், "சோத்தோட வேதத்தையும் சேத்து ஊட்டுறா" என்றார்கள். ஜெபக்கூடத்தில் எனக்குப் பின்னால், "கழிப்புச் சோத்துல கை வைக்கிறா" என்றார்கள். ஒரே வாய்ச் சோற்றுக்கு இரண்டு பக்கத்துப் பகை.

மலையில் பெண்கள் அவளைச் சீண்டுவார்கள்.

"ஏண்டி, ஒங்கையி கொழுந்துக்கு மட்டும் ஆகுமாக்கும்?"

"கொழுந்து தொரையோட புள்ள. அதுக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்பாளாம். எல்லாரும் சிரிப்பார்களாம். எனக்கு வந்து சொன்னவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் புருஷன் ஒருநாள் பொறுமை கெட்டு அவள் கையைப் பிடித்துத் தட்டில் வைத்து அழுத்தினான். ஊட்டுடி என்றான். சோறு கையில் ஒட்டியபடியே அவள் உட்கார்ந்திருந்தாள். காய்ந்து உதிரும் வரைக்கும் அசையவில்லை. அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அடுத்த மழைக்குப் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த மழையில் வந்தது. எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் வந்திருந்தது. லொறி முதல்நாளே பதுளைக்குப் போய்த் திரும்பவில்லை. புருஷன் பிள்ளையைச் சாக்குப் போர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். நான் கூட ஓடினேன். அவள் எங்களுக்குப் பின்னால், கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். முச்சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம்.

அன்றைக்குக் கயிறு இல்லை. பொலிஸ் இல்லை, கூட்டமும் இல்லை. வழி அகலமாகத் திறந்து கிடந்தது. பஸ்தான் வரவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று எங்கேயோ நிறுத்திவிட்டார்களாம், வாரத்தில் இரண்டு நாள் அப்படித்தான். நானா கடை பெஞ்சில் பிள்ளையைக் கிடத்தினோம். கடைக்குள் ரேடியோ ஏதோ தூரத்து ஊரில் குண்டு வெடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தமிழரும் சிங்களவரும் ரேடியோப் பக்கம் நெருங்கிக் குனிந்து நின்றார்கள். "எத்தன பேராம்?" என்று ஒருவர் கேட்டார். எல்லார் முதுகும் எங்கள் பக்கம் இருந்தது.

அப்போதுதான் அவன் போனான். சத்தமே இல்லை. என் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்ததை வைத்து நான்தான் தெரிந்துகொண்டேன். நானா ஒருவர்தான் திரும்பிப் பார்த்தார். போய் ரேடியோவை நிறுத்தினார். ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

லயத்தில் ஒருவரும் தண்ணீரைச் சொல்லவில்லை. "கழிப்பு வழி தேடி வந்து சேர நாளாயிருக்கு" என்றார்கள். கோயில்காரரும் சொன்னார்கள், வேதக்காரரும் சொன்னார்கள். அந்த ஒரு பேச்சில் இரண்டு பக்கமும் ஒற்றுமையாக இருந்தது. அவளும் அதைத்தான் நம்பினாள். தண்ணிதான் புள்ள, உன் கை இல்ல என்று நான் சொன்னபோது, "எல்லாரும்தானக்கா அதக் குடிக்கிறோம்" என்றாள்.

பீலியில்தான் தண்ணீர் பிடித்து அவனைக் குளிப்பாட்டினோம். குழி தோண்டப் போனவர்கள் வந்துவிட்டார்கள், எடுக்க வேண்டும் என்றார்கள். அவள் எழுந்து, சோறு வேண்டும் என்றாள்.

"சின்னப் புள்ளைக்கு வாய்க்கரிசி கெடையாதும்மா" என்றார் பூசாரி. "பால் ஊத்துனா போதும்."

"வாய்க்கரிசி இல்லீங்க. சோறு."

நான் என் அடுப்பிலிருந்து தட்டில் எடுத்துவந்தேன். வேதக்காரி வீட்டுச் சோறு, செத்த வீட்டுக்குள் வந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. வழக்கம்போல நான் பிசையப் போனேன். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முந்தானையிலிருந்து வலது கையை எடுத்தாள். பருப்புத் தண்ணி ஊற்றி, கட்டியில்லாமல், நிதானமாகப் பிசைந்தாள். இத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதே மாதிரி உருட்டினாள். உதட்டில் வைத்துச் சூடு பார்த்தாள், ஊதினாள்.

அவன் வாயில் வைத்தபோது தன் வாயையும் திறந்தாள்.

ஒரு பருக்கை அவன் கடைவாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பெருவிரலால் துடைத்துவிட்டு, அந்தக் கையை அவன் கன்னத்திலேயே வைத்திருந்தாள். ஆள்கள் வந்து தூக்கும் வரைக்கும் எடுக்கவில்லை.